பறைக்கு எத்தனை அடி தூரம்?
(ஒலிப்பதிவில் பேலன்ஸ், டிலே, சாதி)

ஒலிப்பதிவுக் கூடத்தில் சாதி இல்லை என்கிறார்கள். அங்கே காது இருக்கிறது, மைக் இருக்கிறது, மெஷின் இருக்கிறது. காதுக்கு எந்தச் சாதி, மைக்குக்கு எந்தச் சாதி என்று கேட்கிறார்கள். கேட்பவர்கள் பெரும்பாலும் நல்ல மனுசர்கள்தான். நம் கூட்டங்களுக்கு வந்து கை தட்டுகிறவர்கள், நம் பாட்டைக் குறைந்த வாடகைக்குப் பதிவு செய்து தருகிறவர்கள். ஆனாலும் அவர்கள் கையால் கலந்து வெளிவந்த பாட்டுகளைப் போட்டுக் கேளுங்கள். பாடகர் முன்னால் நிற்பார். கீபோர்டு அவர் தோளை உரசிக்கொண்டு நிற்கும். புல்லாங்குழல் காதோரம் வந்து கொஞ்சும். பறை? எங்கோ தூரத்தில், ஊருக்கு வெளியே, ஓடைக்கு அந்தாண்டை கேட்கும். 'பறையிசைப் பாடல்கள்' என்று அட்டையில் பெரிசாகப் போட்டிருக்கும். அட்டையில் பறை முன்னால். பாட்டில் பறை பின்னால். இதுதான் சங்கதி.

நம் இதழ்களில் பாட்டு விமர்சனம் என்று வருவதெல்லாம் வரிகளைப் பற்றியதுதான். என்ன சொல்கிறது, யாரைச் சாடுகிறது, எந்தச் சொல் ஆதிக்கச் சாதிச் சொல், எது நம் சேரிச் சொல் என்று பிரித்துப் பார்க்கிறோம். தேவையான வேலைதான். ஆனால் பாட்டு தாளில் வருவதில்லை, காதில் வருகிறது. காதில் எது முன்னே வருகிறது, எது பின்னே வருகிறது, எது வராமலே போகிறது என்று தீர்மானிப்பது வரி எழுதியவர் அல்ல. மிக்ஸிங் பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர். அந்தத் தீர்மானத்தை நாம் 'டெக்னிக்' என்று சொல்லி விட்டுவிடுகிறோம். கேஸட் காலத்திலிருந்து பாட்டுக் குழுக்களோடு பதிவுக் கூடங்களில் போய் உட்கார்ந்து வந்தவன் என்கிற முறையில் சொல்கிறேன்: அந்த டெக்னிக்குக்குள் ஒரு ஊரே இருக்கிறது. தெரு இருக்கிறது, சேரி இருக்கிறது, எல்லை இருக்கிறது.

1

தூரம் என்பது பதிவில் தானாக வருவதில்லை. செய்யப்படுவது. மைக்குக்கு முன்னால் இரண்டு அடி தள்ளி அடித்த பறையை நூறு அடிக்கு அப்பால் கொண்டுபோய் நிறுத்த நாலு வேலை செய்தால் போதும்.

முதல் வேலை எல்லாருக்கும் தெரியும்: ஃபேடரைக் கீழே இறக்குவது. பேலன்ஸ் என்று அவர்கள் சொல்வது இதைத்தான். இரண்டாவது, பறையின் கூர்மையான மேல்ஒலியைச் சீவுவது. காற்று மேல்ஒலியை முதலில் தின்னும். ஆகவே மொட்டையாகக் கேட்கிற சத்தத்தைக் காது தூரத்துச் சத்தம் என்று எடுத்துக்கொள்ளும். மூன்றாவது, நேரொலியைக் குறைத்துச் சுவரில் பட்டுத் திரும்புகிற எதிரொலியைக் கூட்டுவது; இதுக்குப் பெயர் ரிவெர்ப். நாலாவதுதான் நுணுக்கமான வேலை. நம் பக்கத்தில் ஒருவர் பேசினால் அவர் குரல் முதலில் வரும். சுவரில் பட்ட குரல் கொஞ்சம் இடைவெளி விட்டு வரும். தூரத்தில் நின்று பேசினால் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே வந்து சேரும். ஆகவே நேரொலிக்கும் எதிரொலிக்கும் நடுவே இருபது, முப்பது மில்லிசெகண்ட் டிலே வைத்தால் ஆள் கிட்டத்தில் நிற்பார். அந்த டிலேயை எடுத்துவிட்டால் ஆள் பின்னால் போய்விடுவார்.

இப்போது வழக்கத்தைப் பாருங்கள். பாடகரின் குரலுக்கு இந்த இடைவெளி ஒழுங்காக வைக்கப்படும். குரல் எதிரொலியோடும் இருக்கும், முன்னாலும் நிற்கும். பறைக்கு? எல்லாத் தாளக் கருவிகளுக்கும் சேர்த்து ஒரே ரிவெர்ப், இடைவெளி கிடையாது. நாலு வேலையும் சேர்ந்து நடந்து முடிந்துவிடும். யாரும் பறையைப் பின்னால் தள்ள வேண்டும் என்று நினைத்துத் தள்ளவில்லை. நினைக்காமலே தள்ளப்படுகிறது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. கிராமத்திலும் அப்படித்தானே? சேரியை யார் எப்போது தள்ளி வைத்தார்கள் என்று கேட்டால் ஊரில் யாருக்கும் தெரியாது. 'வழக்கம்' என்பார்கள்.

ஒலி ஒரு செகண்டில் ஏறத்தாழ 340 மீட்டர் போகும். சேரிக்கும் ஊர்க் கோயிலுக்கும் நடுவே அரைக் கிலோமீட்டர் என்றால், சேரியில் விழுந்த அடி கோயில் வாசலில் கேட்க ஒன்றரை செகண்ட் ஆகும். தாமதமாய், மங்கலாய், மேல்ஒலி தேய்ந்து, சுவர்களில் முட்டிக் குழம்பி வந்து சேரும். ஊரார் காதுக்குப் பறை இப்படித்தான் பழக்கம். அந்தக் காதோடு வந்து மிக்ஸிங் பலகையில் உட்காருகிறவருக்குப் பறை 'இயல்பாக' இருக்கிற தூரம் அதுதான். ஆனால் பறையை இடுப்பில் சாய்த்துக்கொண்டு அடிக்கிறவனுக்குப் பறை ஒரு முழ தூரத்தில் இருக்கிறது. தோலின் அதிர்வு வயிற்றில் கேட்கும். அவன் காதுக்கான மிக்ஸிங்கை நாம் இதுவரை எத்தனை பாட்டில் கேட்டிருக்கிறோம்?

2

இதைச் சொன்னால் இன்ஜினீயர்கள் மூன்று பதில் வைத்திருக்கிறார்கள். மூன்றையும் மரியாதையோடு எடுத்துப் பார்ப்போம். ஏனென்றால் மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது.

ஒன்று: "மீட்டர் சிவப்புக்குப் போகுதுங்க." உண்மைதான். பறையின் அடி கண்ணிமைக்கும் நேரத்துக்குள் உச்சிக்குப் போய் இறங்கிவிடும். உச்சி பெரிசு, சராசரி சின்னது. உச்சியைக் காட்டுகிற மீட்டரைப் பார்த்துக்கொண்டே ஃபேடரை இழுத்தால், மீட்டர் நல்ல பிள்ளையாகிவிடும், பறை செத்துப்போகும். காது உச்சியை மட்டும் வைத்துச் சத்தத்தை அளப்பதில்லை. கேஸட் காலத்தில் இந்தப் பதிலுக்கு நியாயம் இருந்தது. நாடாவில் மேலே போனால் சிதறல், கீழே போனால் இரைச்சல்; நடுவில் கொஞ்சம்தான் இடம். இன்றைக்கு 24 பிட்டில் பதிவு செய்கிறார்கள், இடத்துக்குப் பஞ்சமில்லை. இடம் தாராளமாக வந்த பிறகும் பறைக்குக் கொடுத்த இடம் மாறவில்லை என்றால், காரணம் நாடாவில் இல்லை.

இரண்டு: "வரி கேக்கணும்ல? பறை வார்த்தையை மூடுது." இதிலும் உண்மை இருக்கிறது. நீண்ட மெல்லிய குச்சியின் சுரீரென்ற அடி, நம் பேச்சில் க, ச, ட, த போன்ற வல்லின ஒலிகள் தெளிவு பெறுகிற மேல்ஒலிப் பகுதியிலேயே வந்து விழும். இரண்டும் ஒரே இடத்தில் நின்றால் முட்டிக்கொள்ளத்தான் செய்யும். நம் பாட்டில் வரி முக்கியம். வரி கேட்காத விடுதலைப் பாட்டு எதற்கு? ஆனால் முட்டினால் ஏன் எப்போதும் பறையே இறங்க வேண்டும்? இரண்டு பறை இருந்தால் ஒன்றை இடப்பக்கமும் ஒன்றை வலப்பக்கமும் நிறுத்தலாம். குரலுக்கு நடுவிடம் கிடைக்கும். வரி வருகிற இடத்தில் மட்டும் பறையின் மேல்ஒலியை ஒரு துளி தாழ்த்தி, வரி முடிந்ததும் ஏற்றலாம். அதே வரியை மூடிக்கொண்டு நிற்கிற கீபோர்டை இறக்கலாம். கீபோர்டை இறக்குங்கள் என்றால்தான் முகம் மாறும். அது 'இசை'யாம், பறை 'சத்தமாம்'.

மூன்று: "கொஞ்சம் ராவா இருக்கு சார்." ஒரு கூடத்தில் எங்கள் குழுவிடம் இப்படித்தான் சொன்னார்கள். பச்சையாக இருக்கிறது, வேகவில்லை என்று அர்த்தம். அடித்த தோழர், "வேக வைக்கத்தான் தீ கேட்டோம், நீங்க குடுக்கலியே" என்றார். சிரித்துவிட்டோம், ஆனால் அவர் சொன்னது சத்தியம். பறைக்குச் சுதி தீயில் இருக்கிறது. காய்ச்சினால்தான் தோல் இறுகும், கணீரென்று பேசும். ஏசி போட்ட அறைக்குள் தீ மூட்ட விடமாட்டார்கள். அரை மணி நேரத்தில் தோல் தொய்ந்துவிடும். தொய்ந்த தோலைப் பதிவு செய்துவிட்டு, ஒலி மந்தமாக இருக்கிறது என்று மெஷினில் திருகித் திருகித் தேடுகிறார்கள். மொட்டை மாடியில் நாலு செங்கல், கொஞ்சம் காகிதம், வைக்கோல் வைத்துக்கொள்ள இடம் கொடுத்தால் தீர்கிற விசயம். பியானோவுக்குச் சுதி சேர்க்க ஆள் கூப்பிட்டு மணிக்கணக்கில் காத்திருப்பார்கள்; பறைக்குத் தீ மூட்ட பத்து நிமிசம் 'டைம் வேஸ்ட்'. இந்தத் தொல்லைக்குப் பயந்துதான் இப்போது பலர் பிளாஸ்டிக் தோலுக்கு மாறியிருக்கிறார்கள். வசதிக்காக மாறுவது அவரவர் விருப்பம். கூடத்துக்குப் பயந்து மாறுவது வேறு.

3

முன்னால் யார், பின்னால் யார் என்கிற பிரச்சனை மெஷினோடு பிறந்தது. 1925-ல் மைக் வைத்து மின்சாரப் பதிவு வருவதற்கு முன்னால், ஒரே ஒரு பெரிய கொம்புக்கு முன் எல்லாரும் கூடி நின்று வாசிப்பார்கள். ஃபேடர் கிடையாது; மனுசனையே நகர்த்தினார்கள். பாடகன் கொம்புக்குள் தலையை விடாத குறையாக நிற்பான். சத்தக் கருவிக்காரன் சுவரோரம் நிற்பான். டிரம்மை ஓங்கி அடித்தால் மெழுகில் கீறுகிற ஊசி துள்ளிவிடும் என்று பல பதிவுகளில் டிரம்மையே விலக்கினார்கள். அமெரிக்கக் கறுப்பர்களின் ஜாஸ் இசை முதலில் இசைத்தட்டில் ஏறியபோது அதன் இதயமாகிய தாளம் பாதி வெளியே நின்றுதான் ஏறியது. அந்தத் தட்டுகளைக் கேட்டு ஜாஸ் இப்படித்தான் இருக்கும் என்று உலகம் முடிவு கட்டியது. பதிவு உண்மையை அப்படியே காட்டுவதில்லை. ஒரு உண்மையைச் செய்து அதைப் பழக்கமாக்குகிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில், வாட்டர்ஹவுஸ் என்கிற ஏழைப் பகுதியில், ரேடியோ ரிப்பேர் செய்து பிழைத்த ஒரு கறுப்பர் இருந்தார். பெயர் ஓஸ்போர்ன் ரடக். 1941-ல் பிறந்தவர். உலகம் அவரைக் கிங் டப்பி என்று அறியும். பெரிய ஸ்டுடியோ ஒன்று பயன்படுத்திய நாலு டிராக் மிக்ஸிங் பலகையை வாங்கி, சின்ன வீட்டில் வைத்துக்கொண்டு, 1970-களில் அவர் செய்த காரியம் பேலன்ஸ் என்ற சொல்லையே தலைகீழாக்கியது. ஏற்கனவே வெளிவந்த பாட்டை எடுத்தார். பாடகரின் குரலை இறக்கினார். சில இடங்களில் எடுத்தே விட்டார். பின்னால் நின்ற டிரம்மையும் பேஸ் கிட்டாரையும் முன்னால் கொண்டுவந்தார். குரலின் ஒரு சொல்லை மட்டும் விட்டு, அதை டிலேயில் போட்டுத் திரும்பத் திரும்ப வரவைத்து, கரையவிட்டார். பாடகர் எதிரொலியானார், தாளம் ஆளானது. இதைத்தான் டப் என்கிறார்கள். இன்றைக்கு உலகம் முழுக்க 'ரீமிக்ஸ்' என்று விற்கிற சரக்கின் வேர்களில் ஒன்று அந்தச் சின்ன வீட்டில் இருக்கிறது. 1989 பிப்ரவரியில் அவரை வீட்டு வாசலில் யாரோ சுட்டுக் கொன்றார்கள்.

இங்கே நமக்குப் பாடம், டப் இசையை நகலெடுப்பது அல்ல. அவர் கையில் இருந்ததும் ஃபேடரும் டிலேயும்தான். நம்மைத் தூரத்தில் நிறுத்துகிறவர்கள் கையில் இருப்பதும் அதே ஃபேடரும் டிலேயும்தான். கருவி நமக்குப் பகை இல்லை. அதைப் பிடித்திருக்கிற கை எந்தக் காதின் சொல்லைக் கேட்கிறது என்பதுதான் கேள்வி.

4

இனி டிலேக்கு வருவோம். டிலே என்பது சொன்னதைக் கொஞ்சம் தாமதித்துத் திரும்பச் சொல்வது. நாடாக் காலத்தில் இது நேரடியாகவே நடந்தது. பதிகிற முனைக்கும் படிக்கிற முனைக்கும் நடுவே இரண்டு அங்குலம் இருந்து, நாடா செகண்டுக்குப் பதினைந்து அங்குலம் ஓடினால், 133 மில்லிசெகண்ட் கழித்து அதே சொல் திரும்ப வரும். இப்போது எண்ணைத் தட்டினால் போதும். கணக்கும் சுலபம்: 60,000-ஐப் பாட்டின் வேகத்தால் வகுத்தால் ஒரு தட்டுக்கு எத்தனை மில்லிசெகண்ட் என்று கிடைக்கும். நிமிசத்துக்கு 120 தட்டு என்றால் 500. அதில் பாதி 250.

பிரச்சனை எங்கே வருகிறது? பதிவு மென்பொருள்கள் பலவற்றைத் திறந்தவுடன் நிமிசத்துக்கு 120 தட்டு, நாலுக்கு நாலு என்று வந்து நிற்கும். யார் பாட்டாக இருந்தாலும் முதலில் இந்தக் கட்டத்துக்குள் வந்து உட்காரச் சொல்லும். நம் பறையடிகளில் பல, மூன்று மூன்றாக நடக்கிறவை. மூன்றாய் நடக்கிற அடிக்குமேல் நாலில் வகுத்த டிலேயைப் போட்டால், திரும்பி வருகிற ஒவ்வொரு எதிரொலியும் அடுத்த அடியின் காலை மிதிக்கும். கேட்கிறவர், "பறைக்காரர் தாளம் தப்புகிறார்" என்பார். தப்பியது அவர் இல்லை. 500-ஐ மூன்றால் வகுத்து 167 அல்லது 333 என்று வைத்திருந்தால் எதிரொலியும் கூட ஆடியிருக்கும்.

இன்னொன்று, பறை ஒரே வேகத்தில் நிற்பதில்லை. மெதுவாய் எடுத்து, ஆட்டம் சூடேறச் சூடேற ஏறும். 120-ல் ஆரம்பித்தது 132-க்குப் போனால் ஒரு தட்டு 500-லிருந்து 455 மில்லிசெகண்டுக்கு வந்துவிடும். டிலே 500-லேயே நின்றால் 45 மில்லிசெகண்ட் பிந்தும். ஒரு அடி இரண்டு அடியாகத் தெறிக்கும். இதைத் தவிர்க்கக் கூடங்களில் என்ன செய்கிறார்கள்? டிலேயை மாற்றுவதில்லை, மனுசனை மாற்றுகிறார்கள். காதில் 'கிளிக்' சத்தத்தை மாட்டி, ஏறாதே, இறங்காதே என்கிறார்கள். ஏறுவதுதான் பறை. ஏறவிடாத பறை, கூலிக்கு அடிக்கிற பறை. வேகம் ஏற ஏற டிலேயின் எண்ணையும் கையால் மாற்றிக்கொண்டு போகலாம். மென்பொருளிலேயே வேகப் படம் போட்டுப் பாட்டோடு டிலேயை நடக்கவிடலாம். கொஞ்சம் உழைப்பு. அந்த உழைப்பைச் செய்ய மனசு வேண்டும்.

முந்துவதிலும் ஒரு அரசியல் இருக்கிறது. ஹெல்முட் ஹாஸ் என்கிற ஜெர்மானியர் 1949-ல் ஒரு உண்மையை அளந்து காட்டினார். ஒரே ஒலி இரண்டு இடத்திலிருந்து வந்தால், எது முதலில் வருகிறதோ அந்தத் திசையையே காது நம்பும். அடுத்த முப்பது மில்லிசெகண்டுக்குள் வருகிற இரண்டாவது ஒலி, பத்து டெசிபல் கூடுதலாக இருந்தாலும், தனியாகத் தெரியாது, முதலாவதோடு கரைந்துவிடும். இது ஒரே ஒலியைப் பற்றிய விதி. ஆனால் கிட்டத்தட்ட இதே கதை பறைமேல் மெஷின் டிரம்மை ஏற்றுகிறபோதும் நடக்கிறது. மெஷின் அடி கட்டத்தின் விளிம்பில் சரியாக விழும். மனுசன் அடிக்கிற பறை இரண்டு மில்லிசெகண்ட் முந்தும், எட்டு மில்லிசெகண்ட் பிந்தும். பிந்துகிற இடங்களில் மெஷினின் கனத்த அடி காதைப் பிடித்துக்கொள்ளும்; பறை அதன் நிழலாகிவிடும். பறைக்குப் 'பலம்' சேர்க்கத்தான் மெஷினைப் போட்டோம் என்பார்கள். பலம் சேர்ந்தது மெஷினுக்கு. போட்டே ஆக வேண்டுமென்றால் மெஷின் அடியைப் பத்து, பன்னிரண்டு மில்லிசெகண்ட் பின்னே தள்ளுங்கள். பறை முந்தட்டும். மெஷின் பின்னால் வரட்டும். ஒருநாளும் யாரும் எங்களிடம் இதைத் தாங்களாகச் செய்து காட்டியதில்லை.

5

அடுத்தவனைச் சொல்லிவிட்டு நம்மை விட்டுவிடுவது விமர்சனம் ஆகாது. நம் பக்கத்துப் பாட்டுகளிலும் ஒரு நோய் பரவியிருக்கிறது. எழுச்சி என்றால் எக்கோ என்று நினைக்கிறோம். தலைவர் பெயர் வந்தால் அது மலையில் மோதித் திரும்புகிற மாதிரி நாலு தரம் ஒலிக்க வேண்டும். முழக்கம் வந்தால் ஆகாயத்திலிருந்து விழ வேண்டும். இந்த ஒலி எங்கிருந்து வந்தது? பழைய புராணப் படங்களின் அசரீரியிலிருந்து வந்தது. சாமி பேசுகிறபோது போட்ட எக்கோவை நாம் அம்பேத்கர் பெயருக்குப் போடுகிறோம். வாழ்நாள் முழுக்க ஆதாரத்தோடும் தர்க்கத்தோடும் பேசிய மனிதரை அசரீரியாக்குவது அவரைக் கோயிலில் வைக்கிற வேலைதான். ஒலியால் கட்டிய கோயில்.

ஒப்பாரியில் இந்தத் தவறு இன்னும் கொடுமை. ஒப்பாரி வைக்கிற பெண் ஒரு அடி சொல்லி முடித்து மூச்சை இழுப்பாள். அந்த மூச்சில் ஒரு விம்மல் இருக்கும், மூக்கை உறிஞ்சுகிற சத்தம் இருக்கும், அடுத்த சொல் வராமல் தொண்டை அடைக்கிற தயக்கம் இருக்கும். அந்த இடைவெளிதான் சாட்சியம். அங்கே டிலேயின் வால் வந்து நிரப்பிவிட்டால் மூச்சு கேட்காது. அழகான துக்கம்தான் கேட்கும். கேட்கிறவருக்கு இதமாக இருக்கும். இதமாக இருப்பதற்கா அவள் அழுதாள்? பறையிலும் அப்படியே. அடிக்கும் அடிக்கும் நடுவே இருக்கிற மௌனம் ஆட்டக்காரரின் கால் இறங்குகிற இடம். அதை எதிரொலியால் நிரப்பினால் ஆட இடமிருக்காது.

இன்குலாபின் 'மனுசங்கடா' பாட்டை கே.ஏ. குணசேகரன் திறந்த தொண்டையில் பாடி ஊர் ஊராகக் கொண்டுபோனார். 2016-ல் அவர் இறந்த பிறகும் அந்தக் குரல் நம் கூட்டங்களில் இருக்கிறது. கீழ்வெண்மணியில் 1968-ல் எரிக்கப்பட்டவர்களுக்காக எழுந்த பாட்டு அது. அந்தக் குரலைத் தாங்கி நிறுத்தியது எந்த மெஷினின் எக்கோவும் அல்ல. கிட்டத்தில் நின்று கண்ணைப் பார்த்துப் பேசுகிற தன்மைதான். மதுரை அரசரடியில் இறையியல் கல்லூரியில் பணிசெய்த தியோபிலஸ் அப்பாவு, நாம் 'பறட்டை அண்ணன்' என்று அழைத்தவர், 2005-ல் மறையும்வரை ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார்: நாட்டுப்புறப் பாட்டின் வலு, கேட்கிறவன் அதைத் தன் பாட்டாக மாற்றிக்கொள்ள முடிவதில் இருக்கிறது என்று. கிட்டத்தில் கேட்கிற பாட்டைத்தான் மாற்ற முடியும். மலைமேல் கேட்கிற பாட்டைக் கும்பிடத்தான் முடியும்.

'அப்படியானால் நவீனக் கருவியே வேண்டாமா?' என்று மாணவத் தோழர்கள் கேட்கலாம். அப்படி இல்லை. 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறியபோது கானாவும் பறையும் டோலக்கும், கிட்டாரோடும் டிரம்ஸோடும் ஒரே மேடையில் நின்றன. ஆயிரக்கணக்கானவர்கள் கேட்டார்கள். 2025-ல் மதுரைப் பக்கத்துப் பறையாசான் வேலு ஆசானுக்கு பத்மஸ்ரீ அறிவித்தார்கள். மேடை கிடைத்திருக்கிறது, விருது கிடைத்திருக்கிறது. பறையடிக்க மாட்டோம் என்று சொன்னதற்காக அடிபட்ட ஊர்கள் இருக்கிற தேசத்தில், பறையை நம் விருப்பத்தோடு எடுத்து அடிப்பதா, இழிவின் அடையாளம் என்று தூக்கிப் போடுவதா என்று தொண்ணூறுகளில் நாம் இரவிரவாக வாதாடியிருக்கிறோம். அந்த வாதத்தில் இரண்டு பக்கத்துக்கும் நியாயம் இருந்தது. எடுத்து அடிப்பது என்று முடிவு செய்தவர்களுக்கு அடுத்த கேள்வி இது: அடித்த பறையை எந்தத் தூரத்தில் கேட்கவைக்கப் போகிறோம்? பறையைக் 'கிராமிய மணம்' கமழும் ஊறுகாயாக இலையோரத்தில் வைக்கிற பாட்டுக்கு, பறை அடிக்க மறுப்பதே மேல்.

6

ஆகவே சில காரியங்களைச் சொல்லிவிடுகிறேன். நடைமுறைக்கு வராத விமர்சனம் நமக்கு எதற்கு?

பதிவு முடிந்ததும் பறையடித்தவர்களுக்குக் கூலி கொடுத்து பஸ் ஏற்றிவிடுவது வழக்கம். மிக்ஸிங் அதற்கப்புறம், அவர்கள் இல்லாமல் நடக்கிறது. இதை நிறுத்துங்கள். மிக்ஸிங் நாளுக்கும் கூலி கொடுத்து உட்கார வையுங்கள். முதல் பேலன்ஸை அவர்களை வைக்கச் சொல்லுங்கள். அவர்கள் பறையை மட்டும் கூட்டுவார்கள் என்று பயப்பட வேண்டாம். குழுவாய் அடித்துப் பழகியவர்களுக்கு, யார் எங்கே ஓங்க வேண்டும், எங்கே அடங்க வேண்டும் என்பது எந்த இன்ஜினீயரையும்விட நன்றாகத் தெரியும்.

ஒவ்வொரு பறைக்கும் ஒரு மைக் வைப்பதோடு நிற்காமல், வரிசை முழுவதையும் கேட்கிற மாதிரி கொஞ்சம் தள்ளி இரண்டு மைக் வையுங்கள். பத்து மீட்டர் வரிசையில் ஒரு கோடியில் விழுந்த அடி மறுகோடிக்குப் போக 29 மில்லிசெகண்ட் ஆகும். அதுதான் பறை வரிசையின் சொந்த டிலே. அதைப் பிடித்துவிட்டால் மெஷின் டிலேயைத் தேட வேண்டியதில்லை.

கலந்து முடித்ததை நல்ல ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள். நம் மக்கள் கேட்கப்போவது கூட்டத்துக் கூம்புக் குழாயில், ஆட்டோவில், செல்போனில். அங்கே இடமும் வலமும் ஒன்றாகிவிடும். ஒரே ஒலியை ஒரு பக்கம் கொஞ்சம் தாமதித்துப் போட்டு அகலம் காட்டிய வித்தையெல்லாம் அங்கே பல்லிளிக்கும். ஒரு மில்லிசெகண்ட் தள்ளிய ஒலியைச் சம அளவில் ஒன்றாய்ச் சேர்த்தால் 500 ஹெர்ட்ஸில் ஒரு பள்ளம் விழும், பறை தகரமாகும். கூம்புக் குழாயில் நிற்கிற மிக்ஸிங்தான் நம் மிக்ஸிங்.

'மற்றும் குழுவினர்' என்று அட்டையில் போடுவதை விடுங்கள். பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் பெயருக்குச் சமமான எழுத்தில் அடித்தவர் பெயரைப் போடுங்கள். மிக்ஸிங் செய்தவர் பெயரையும் போடுங்கள்; அப்போதுதான் அவரைப் பாராட்டவும் முடியும், கேள்வி கேட்கவும் முடியும்.

விமர்சகத் தோழர்களுக்கு ஒன்று. அடுத்த தரம் ஒரு பாட்டுத் தொகுப்பு உங்கள் மேசைக்கு வந்தால், வரிகளை வாசிப்பதற்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு ஒரு தரம் கேளுங்கள். யார் எத்தனை அடி தூரத்தில் நிற்கிறார்கள் என்று ஒரு தாளில் படம் போடுங்கள். குரல் இங்கே, கீபோர்டு இங்கே, பறை இங்கே என்று புள்ளி வையுங்கள். வைத்து முடித்ததும் அந்தப் படத்தைப் பாருங்கள். உங்கள் கிராமத்தின் படம் மாதிரி இருந்தால், விமர்சனத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.